கண்டாக்கையா பார்க்க ஒரு மஞ்சள் சுவர்

உனக்கு எதற்கு இதெல்லாம்? கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இவ்வளவு தூரம் ஏறி வந்தவள், காலைக் கழுவினோமா, தேத்தண்ணி குடித்தோமா என்று இல்லாமல், வாசலிலேயே நின்றுகொண்டு "வீட்டுக்கு ஏன் இப்படி ஒரு மஞ்சள்?" என்று கேட்கிறாய். அடுத்தவள் வீட்டுச் சுவரை விசாரிக்கிற வாய்க்கு ஒரு முறுக்கைக் கொடுத்தால் அடங்கும் என்று பார்த்தேன். முறுக்கையும் தின்றுவிட்டு மறுபடியும் கேட்கிறாய். வெட்கமாக இல்லையா? சரி, உட்கார். கேட்டுவிட்டு, இந்தக் கிழவி பொல்லாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய். சொல், சொல். நல்லவள் என்று சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

ஏழு பேர்ச் என்கிற கையகலக் காணியில் தனி வீடு என்று இந்த வரிசையை மலைச்சரிவில் கட்டிக் கொடுத்தபோது எங்களுக்குக் கடைசி வீடு விழுந்தது. முன்பக்கம் ரோடு. பின்பக்கம் ஆள் நடக்கிற அளவுக்கு மண், அதற்கப்புறம் பள்ளம், பள்ளத்துக்குள் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வராந்தா வைத்த ஒரு வீடு. சாவி வாங்கிய அன்று பின்கதவைத் திறந்து பார்த்தேன். எதிரே கண்ணாடிக்குள் கண்டாக்கையா உட்கார்ந்திருந்தார். பேய் பிசாசு என்றாலாவது திருநீறு பூசிக்கொள்ளலாம்.

கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர் இல்லை. தோட்டத்தில் துரைக்குக் கீழே, எங்களுக்கு மேலே இருந்துகொண்டு மலையில் எங்களை மேய்க்கிற உத்தியோகம். இவர் என் வாலிபத்தில் இருந்தே எங்களை மேய்த்தவர். வேலையை விட்டு நின்று, அந்த வீட்டைக் கட்டிக் குடியேறியும் பழக்கம் போகவில்லை. விடிந்ததும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தூரத்து மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்து, அங்கே போ, இங்கே வா என்று கையை ஆட்டுவார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருப்பார்.

அந்த மனிதர் எனக்குச் செய்ததை இப்போது சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

நாங்கள் லயத்தில் இருந்த காலம். ஒரே நீளக் கட்டடம், அதில் வரிசையாகக் காம்பராக்கள், ஆளுக்கு ஒன்று. என் மகள் பெரியவளானாள். சடங்கு வைக்க வேண்டும். லயத்துக்கு அடித்த சுண்ணாம்பில் கொஞ்சம் வாளியில் மிஞ்சிக் கிடந்தது. சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து அதில் ஊற்றிக் கலந்தேன். எங்கள் காம்பராவின் முன் சுவரை மட்டும் நீலமாக அடித்தேன். வெள்ளை வரிசைக்கு நடுவில் ஒரு நீலம். வானத்தில் இருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டினாற்போல இருந்தது. அதை அடித்தவள் நான் என்பதால் சொல்லவில்லை, அழகாகவே இருந்தது.

சடங்கன்று காலையில், சொந்தக்காரர்கள் உடப்புசல்லாவையில் இருந்தெல்லாம் வந்து இறங்கியிருக்கிற நேரத்தில், கண்டாக்கையா வந்தார். பின்னாலேயே ஒருத்தன் சுண்ணாம்பு வாளியோடு.

"யாரு இந்த வேலையப் பாத்தது?"

"நான்தாங்க ஐயா. புள்ளைக்குச் சடங்குங்க."

"லயம் ஒங்கப்பன் சொத்தா? தோட்டத்துச் செவுத்துல ஒன் இஷ்டத்துக்குக் கலர் அடிப்பியா? சொந்த வீடு இருக்கிறவன் கலர் அடிக்கட்டும். நீ வெள்ளைய அடி."

வாளி கொண்டு வந்தவன் பிரஷை எடுக்கப் போனான். கண்டாக்கையா அவனைத் தடுத்தார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் கையில் பிரஷைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் புது வேட்டி கட்டி, சந்தனம் பூசி, மாமன்மாரை வரவேற்று நின்றவர். அந்த வேட்டியோடேயே, வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நீலத்தின் மேல் வெள்ளையை அடித்தார். வாசலில் கட்டிய வாழை மரத்தில் எல்லாம் சுண்ணாம்பு தெறித்தது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குச் சுவரில் பிரஷ் இழுக்கிற சத்தம் கேட்டிருக்கும். கண்டாக்கையா கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, விட்டுப் போன ஒரு மூலையையும் காட்டி அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் வீட்டுக்காரர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாத வார்த்தை எல்லாம் எனக்குள்ளே குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருந்தது.

இப்போது தெரிகிறதா, பின்கதவைத் திறந்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று? காலை வெயில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்து ஏறி, ஓடையைத் தாண்டி, நேராக என் பின் சுவரில் வந்து விழும். அவர் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் என் சுவரைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

வீடு கொஞ்ச நாள் சிமெந்துப் பூச்சோடேயே கிடந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிற என் மகள், அதே பிள்ளைதான், போன மாசி மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னாள்.

"அம்மா, வெளிய பெயிண்ட் அடிச்சிரும்மா. நீ ஏணியில ஏறாத. ஹட்டன்ல நல்ல பெயிண்ட் பாஸ்மாருங்க இருக்காங்க, கூட்டி வந்து அடி. கிரீம் கலர் நல்லா இருக்கும்."

"கிரீம் வேணாண்டி."

"அப்ப என்ன கலரு?"

"கண்டாக்கையா தூக்கத்துல பார்த்தாலும் எந்திரிக்கிற கலரு."

 சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அத இன்னும் மனசுல வச்சிருக்கியாம்மா?"

"அவரு இன்னும் வராந்தாவுல இருக்காரேடி."

 அப்புறம் சொன்னாள்: "அப்ப நல்லா அழுத்தி அடிக்கச் சொல்லும்மா."

என் பிள்ளை என் பிள்ளைதான்.

ஹட்டன் பஜாரில் ஒரு முஸ்லிம் நானா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். கலர் அட்டையை விசிறி மாதிரி விரித்து என் முன்னால் போட்டார்.

"சொல்லுங்க ஆச்சி, என்ன மாதிரி வேணும்?"

"பார்க்கிறவன் கண்ணுல போய் உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே கூடாது நானா."

"யாருக்கு ஆச்சி? சம்பந்தி வீட்டுக்கா?"

"சம்பந்தின்னா மன்னிச்சிருவேன்."

நானா சிரித்துக்கொண்டே ஒரு நீலத்தைக் காட்டினார். நீலத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்றேன். அதோடு, நீலம் நம் ஊர்ப் பனியில் சாம்பலாகிவிடும். பச்சை தேயிலைக்குள் தொலைந்துவிடும். சிவப்பு அடித்தால் கட்சி ஆபீஸ் என்று நினைத்து ஆட்கள் மனு கொண்டு வருவார்கள். மலை ரோட்டில் ஆபத்தான வளைவில் ஒரு போர்டு வைத்திருப்பார்களே, எப்பேர்ப்பட்ட பனியிலும் தெரிகிற மாதிரி, அந்த மஞ்சள் வேண்டும் என்றேன்.

"ஆச்சி, அது வீட்டுக்கு அடிக்கிற கலர் இல்ல. லொறிக்காரன் பிரேக் போட்ருவான்."

"ஒருத்தர் பிரேக் போடணும்னுதான் கேக்கிறேன்."

நானா மெஷினில் கலக்கிக் கொடுத்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அவரே ஒரு தடவை கண்ணைச் சுருக்கினார். எனக்கு நம்பிக்கை வந்தது.

பெயிண்ட் அடிக்கிற மேஸ்திரியை நாங்கள் பாஸ் என்போம்; அவர் கூட்டாளியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். மேலே ஏணி, உள்ளே வாளி, மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். இரண்டு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான், அப்பன்மார் காலத்தில் இருந்தே சுண்ணாம்பு வாளி தூக்கிய குடும்பம். இப்போது ஹட்டனில் இருந்துகொண்டு நுவரெலியா ஹோட்டல்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறார்கள். கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டினார்கள். வெடிப்பை அடைத்தார்கள். சுவரில் கன்னத்தை வைத்து ஈரம் பார்த்தார்கள். நம் ஊரில் மத்தியானம் ஆனால் பனி ஏறிவிடும், பெயிண்ட் காயாது. அதனால் காலையில் மட்டும்தான் அடிப்பார்கள். மீதி நேரம் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வானத்தைக் குறை சொல்வார்கள்.

மஞ்சள் அடிக்கப் போகிற நாள் பார்த்து நல்லதண்ணி ஊரில் ஒரு சாவு. போகாமல் இருக்க முடியாது, நெருங்கின சொந்தம். போய் அழ வேண்டிய அளவுக்கு அழுதுவிட்டு, மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். ரோட்டில் இருந்து பார்த்தால் வீடு நெருப்புப் பிடித்தாற்போல நிற்கிறது. அப்படி ஒரு மஞ்சள். சாவு வீட்டுத் துக்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஓட்டமும் நடையுமாகப் பின்பக்கம் போனேன்.

பின் சுவரைப் பார்த்தேன். கஞ்சித் தண்ணியில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினாற்போல இருந்தது. உள்ளே சிமெந்து தெரிகிறது. அடைத்த வெடிப்பெல்லாம் தெரிகிறது.

"என்னாங்க பாஸ் இது? செவுத்துக்கு மஞ்சக் காமாலையா?"

"பெயிண்டு கொஞ்சம் பத்தல ஆச்சி. முன்னுக்கு நல்லா ரெண்டு கோட் போட்டம். பின்னுக்குத் தண்ணி சேத்து இழுத்து விட்டம்."

"ஏன் அப்படி?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரோட்டுப் பக்கந்தானே ஆச்சி சனம் பாக்கும்? பின்னுக்கு யாரு பாக்கப் போறா? எப்பவும் அப்படித்தானே அடிக்கிறது."

 அவர் சொன்னது பொய் இல்லை. தோட்டத்துக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு வரும். ஜீப் போகிற பக்கம் மட்டும் வெளுக்கும். நாங்கள் குளிக்கிற, சமைக்கிற, பிள்ளை பெறுகிற பின்பக்கம் கரி பிடித்துக் கிடக்கும். இவருடைய அப்பன் அப்படி அடித்தார், தாத்தன் அப்படி அடித்தார். இவர் ஹோட்டலுக்கு அடிக்கிற ஆள் ஆகியும், லயத்துக்காரி வீட்டுக்கு வந்ததும் கை பழைய வழியிலேயே போய்விட்டது. சிரிப்பதா, வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்ப்பதா என்று யோசித்தேன். கவிழ்க்கலாம்தான், ஆனால் பெயிண்ட் வீணாகும்.

மறுநாள் காலையில் பாஸுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, இதுல தேயிலை போட்டீங்களா?"

"தூள் கொஞ்சம் பத்தல பாஸ். தண்ணி சேத்து இழுத்து விட்டேன். கோப்பைக்கு வெளிப்பக்கம் நல்லாத்தானே இருக்கு? உள்ளுக்கு யாரு பாக்கப் போறா?"

கூட்டாளி மூக்கால் சிரித்தார். பாஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் பின்கதவைத் திறந்து எதிர் வராந்தாவைக் காட்டினேன். சடங்கு, நீலம், வேட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பின்பக்கம்தான் முன்பக்கம் என்றேன். பாஸ் வராந்தாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஆச்சி. கோவத்துக்கு எத்தன கோட் அடிக்கணும்?"

"செமெந்து மறக்கிற வரைக்கும் அடிங்க."

அன்றைக்கே ஹட்டனுக்குப் போய்ப் புது வாளி வாங்கி வந்தார். காலைக்கு ஒரு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் சுவர் உரத்துக்கொண்டே போனது. நான் பின்பக்கம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பார்க்கவில்லை, வராந்தாவைப் பார்த்தேன்.

முதல் நாள் கண்டாக்கையா எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த நாள் நாற்காலியை ஒரு பக்கம் தள்ளிப் போட்டுப் பார்த்தார். சுவர் அங்கேயும் வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு படுக்கை விரிப்பைக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். விரிப்பு மெல்லிசு. காலை வெயில் ஏறியதும் விரிப்பே மஞ்சளாகிவிட்டது. மலையில் இருக்கிற பெண்களுக்குக் கையாட்டுவது நின்றுபோனது. ஒரு நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வீட்டுக்குள் இருக்கிற சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் பாஸுக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

அப்புறம் ஒரு காலையில் கண்டாக்கையா வராந்தாக் கதவைத் திறந்துகொண்டு வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

"ஏய்! என்ன கலரு அது?"

அதே குரல். நான் காதில் கையை வைத்துக்கொண்டேன்.

"கேக்கலீங்க ஐயா!"

"கலரு! கலரு!"

"காது மந்தமுங்க! கிட்ட வாங்க!"

ஓடைக்குப் பாலம் இல்லை. என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் ரோட்டுக்கு ஏறி, கோயிலடியால் சுற்றி, எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். என் காது நன்றாகவே கேட்கும். அவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

வந்தார். கோட்டுப் போட்டு, மப்ளர் சுற்றி, கைத்தடி ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கடைசிக் கோட் அப்போதுதான் அடித்து முடிந்திருந்தது. பாஸ் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஐயா, வாங்க. முன்னுக்குப் பேசினா ரோட்டுல போறவங்க கேப்பாங்க. பின்னுக்கு வாங்க."

சுவரோரமாகக் கூட்டிப் போனேன். அவர் உட்கார இடம் தேடினார்.

"ஒக்காரச் சொல்லலாம்தான் ஐயா. நாக்காலி எல்லாத்துலயும் பெயிண்டு பட்டுருக்கு. நில்லுங்க."

நின்றார்.  அவர் பேசட்டும் என்று நான் கொழுந்துக் கூடையை நிறுப்பதற்குக் காத்திருப்பவள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இந்தாம்மா," என்றார். நாற்பது வருஷம் எங்களைப் பார்த்து அவர் வாயில் வராத 'அம்மா'. "காலையில கண்ணத் தொறக்க முடியல. வீடு பூரா மஞ்சளாக் கெடக்கு. இந்தப் பக்கத்துக்கு மட்டும் வெள்ள அடிச்சிரு. பெயிண்டு நான் வாங்கித் தாரேன், கூலியும் குடுக்கிறேன்."

"வெள்ளையா ஐயா? ஒரு தடவ அடிச்சோமே, நெனப்பு இருக்கா?"

"என்ன அடிச்சீங்க?"

"எம் புள்ள சடங்கன்னைக்கு. நீலத்துக்கு மேல. எங்க வீட்டுக்காரரு, புது வேட்டியோட."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி, பழைய முகங்களையெல்லாம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. எனக்குள் இத்தனை வருஷம் எரிந்தது அவருக்குள் ஒரு புகைகூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. கூனிக் குறுகுவார் என்று நினைத்திருந்தேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார் என்று. இரண்டும் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"அப்படி ஏதும் நடந்திருந்தா," என்றார் கடைசியில், "அது தொர போட்ட உத்தரவா இருக்கும். நான் உத்தரவச் செஞ்சவன்."

"தொர அன்னைக்குத் தோட்டத்துலயே இல்லீங்க ஐயா. கொழும்புக்குப் போயிருந்தாரு."

 கண்டாக்கையா களைப்பில் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். பின்னால் சுவர். கடைசிக் கோட் அடித்த சுவர். பாஸ் பதறிப்போய் வாயைத் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். பாஸ் திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு பிரஷைக் கழுவத் தொடங்கினார்.

"இப்ப என்னதான் செய்யச் சொல்ற?" என்றார் கண்டாக்கையா, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

"ஒண்ணுமே செய்ய வேணாங்க. பாருங்க. தெனமும் காலையில எந்திரிச்சுப் பாருங்க. கண்ணு கூசுனா மூடிக்குங்க. மூடுனாலும் தெரியும், நல்ல பெயிண்டு."

"இது அநியாயம்."

"எஞ் சொந்த வீடுங்க ஐயா."

கண்டாக்கையா கைத்தடியை ஊன்றினார். பிறகு சுவரை விட்டுப் பிரிந்தார். பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்தது, தோசையைக் கல்லில் இருந்து எடுக்கிற மாதிரி. அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் சொல்லவில்லை. மழை வந்தாலும் வரும், பார்த்துப் போங்க ஐயா என்று மட்டும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன்.

கறுப்புக் கோட்டின் முதுகு முழுக்க மஞ்சளோடு, வந்த வழியே, எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் தாண்டி, கோயிலடியால் சுற்றி நடந்தார். ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வாசலில் இருந்தார்கள். சுவரில் அவர் சாய்ந்த இடம் கோட்டுத் துணியின் தடத்தோடு அப்படியே பதிந்திருந்தது. பாஸ் அதன் மேல் ஒரு இழுப்பு இழுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன். நீ போகும்போது பார்த்துவிட்டுப் போ. தொடாதே.

கண்டாக்கையா தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, வரிசையில் முதல் வீட்டு மருமகள் என்று எல்லாரும் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"ஆச்சி, கண்டாக்கையா எதுக்கு வந்துட்டுப் போறாரு? முதுகெல்லாம் ஏன் பெயிண்டு?"

நான் அவசரப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, மென்று, ஓரமாகத் துப்பினேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், வேலை பிடிக்கவில்லை என்றால் கண்டாக்கு அரைப் பேர் போட்டு அனுப்பிவிடுவார், சம்பளம் பாதிதான். என் வாசலில் நின்ற ஒவ்வொருத்தியும் அந்த அரைப் பேரை வாங்கியவள்.

"அதுவா? பாவம், பென்சன் பத்தலையாம். பெயிண்டு வேல கேட்டு வந்தாரு," என்றேன். "வயசாளி வந்து நிக்கிறாரே, எப்படி இல்லங்கிறது? செத்த நேரம் அடிக்கச் சொன்னேன். பிரஷப் புடிக்கத் தெரியாம முதுகால அடிச்சிட்டுப் போறாரு. அரைப் பேர் போட்டிருக்கேன்."